உங்களுக்குத் தெரியுமா? – கேலரிக்கு அடியில் ஓர் அணு உலை

அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழக வளாகத்துக்குள் ‘ஸ்டாக் ஃபீல்டு’ என்றொரு கால்பந்து மைதானம் இருந்தது. 50 ஆயிரம் பேர் உட்காரக்கூடிய அளவுக்கு வளர்ந்த மைதானம். இன்று அது இல்லை. அந்த இடத்தில் ஒரு பெரிய நூலகம் நிற்கிறது. நடுவில் அந்த மண் பார்த்தவை கொஞ்சநஞ்சமல்ல. இந்த முறை பகுதி முழுவதையும் அந்த ஒரே மைதானத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

● முதலில் ஒரு விளக்கம். இது நம் ஊர்க் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி, எதிரணிக்காரர்கள் மேலே விழுந்து அமுக்குவதற்குள் எல்லைக் கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டினால் அது ‘டச் டவுன்’. அதுதான் அமெரிக்கக் கால்பந்து. அதைக் கல்லூரி மாணவர்கள் ஆடுவதைப் பார்க்க ஊரே திரண்டு வரும்.

● சிகாகோ பல்கலைக்கழகம் முதல் வகுப்பைத் தொடங்கியது 1892-இல். அதே ஆண்டிலேயே கால்பந்துப் பயிற்சியாளரும் வந்துவிட்டார். கட்டடங்கள் முழுமையாக எழும்பும் முன்பே அணி தயார்! பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், புதிய நிறுவனத்தின் பெயர் நாடு முழுக்கத் தெரிய விளையாட்டு உதவும் என்று கணக்குப் போட்டவர். அவர் கொண்டுவந்த பயிற்சியாளர் ஆமோஸ் அலான்சோ ஸ்டாக். அப்போது ஸ்டாக்குக்கு வயது 30. தொடர்ந்து 41 சீசன்கள் அங்கேயே இருந்தார்.

● மைதானம் திறக்கப்பட்டது 1893-இல். நிலம் கொடுத்தவர் சிகாகோவின் பெரும் வணிகர் மார்ஷல் ஃபீல்டு. அதனால் முதலில் ‘மார்ஷல் ஃபீல்டு’ என்றே பெயர். 1913-இல் அது ‘ஸ்டாக் ஃபீல்டு’ ஆனது. அதன் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள், தன் பெயரைத் தாங்கிய மைதானத்திலேயே ஸ்டாக் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்.

● இந்த ஸ்டாக்குக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கூடைப்பந்து கண்டுபிடிக்கப்பட்ட ஸ்பிரிங்ஃபீல்டு பயிற்சிப் பள்ளியில், 1892 மார்ச்சில் பொதுமக்கள் முன்னால் நடந்த முதல் ஆட்டத்தில் ஆசிரியர்கள் அணிக்காக ஆடினார். மாணவர்கள் 5–1 என்று வென்றார்கள். ஆசிரியர்களின் அந்த ஒற்றைக் கூடையைப் போட்டவர் ஸ்டாக்தான்.

● ஒரு டச் டவுன்கூட இல்லாமல், வெறும் 2–0 என்று முடிந்த ஆட்டம் ஒரு மைதானத்தின் வரலாற்றிலேயே பெரிய ஆட்டமாக முடியுமா? முடிந்தது. 1905 நவம்பர் 30, நன்றி நவிலும் நாள். எதிரணி மிச்சிகன். 1901 முதல் 56 ஆட்டங்களில் தோல்வியே அறியாத அணி அது. ‘நிமிடத்துக்கு ஒரு புள்ளி’ என்று பட்டப்பெயர் வாங்கிய அணியும்கூட. 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பார்த்துக்கொண்டிருக்க, சிகாகோவின் வால்டர் எக்கர்சால் ஓங்கி உதைத்த பந்தைத் தன் எல்லைக்குள் பிடித்த மிச்சிகன் வீரர், அதைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடப் பார்த்தார். சிகாகோ வீரர்கள் அவரைப் பின்னுக்குத் தள்ளி எல்லைக்குள்ளேயே வீழ்த்தினார்கள். அப்படிச் செய்தால் இரண்டு புள்ளி. அந்த ஆட்டத்தில் வேறு யாரும் எதையும் எடுக்கவில்லை.

● அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, எந்த விளையாட்டிலும் முதன்முதலாக நடத்திய தேசிய சாம்பியன் போட்டி 1921-இல் நடந்த தடகளம். இடம், இதே ஸ்டாக் ஃபீல்டு. வென்றது இல்லினாய்.

● அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஆண்டின் சிறந்த வீரருக்குக் கிடைக்கும் ஹைஸ்மன் கோப்பையை முதன்முதலில், 1935-இல் வாங்கியவர் சிகாகோவின் ஜே பெர்வாங்கர். அடுத்த ஆண்டு தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’ முறை தொடங்கியபோது, முதல் பெயராக அழைக்கப்பட்டவரும் அவரே. ஆனால் சம்பளப் பேச்சு ஒத்துவரவில்லை. தொழில்முறையாக ஓர் ஆட்டம்கூட ஆடாமல் நுரை ரப்பர் விற்கும் வேலைக்குப் போய்விட்டார். இன்று கோடிகளில் பேசப்படும் அந்த டிராஃப்டின் முதல் ஆள் இவர்! கோப்பை? அதை வைக்க இடமில்லாமல் அத்தை வீட்டில் கொடுத்தார். அத்தை அதைக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்.

● பெர்வாங்கர் இன்னொருவர் முகத்திலும் தன் அடையாளத்தை விட்டுச் சென்றார். 1934-இல் மிச்சிகனுக்கு எதிரான ஆட்டத்தில் அவரைப் பிடிக்கப் பாய்ந்த வீரருக்கு இடது கண்ணுக்குக் கீழே வெட்டு விழுந்தது. அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது. அந்த மிச்சிகன் வீரரின் பெயர் ஜெரால்டு ஃபோர்டு. 1974-இல் அமெரிக்க ஜனாதிபதி ஆனவர்.

● 70 வயது ஆனதும் ஸ்டாக்கைப் பல்கலைக்கழகம் ஓய்வுக்கு அனுப்பியது. அவருக்கு ஓய்வில் விருப்பமில்லை. கலிஃபோர்னியாவில் பசிஃபிக் கல்லூரிக்குப் போய்ப் பயிற்சியாளர் ஆனார். 1938-இல், 76 வயதில், அந்தக் கல்லூரி அணியை அழைத்துக்கொண்டு சிகாகோ வந்தார். தன் பெயர் கொண்ட மைதானத்தில், தான் வளர்த்த அணியை 32–0 என்று தோற்கடித்துவிட்டு ஊர் திரும்பினார். 102 வயது வரை வாழ்ந்தார்.

● அந்தத் தோல்வி ஒரு தொடக்கம்தான். 1939 சீசனில் சிகாகோ வாங்கிய அடிகளைப் பாருங்கள். மிச்சிகன் 85–0. ஹார்வர்டு 61–0. ஒஹையோ ஸ்டேட் 61–0. வர்ஜீனியா 47–0. இல்லினாய் 46–0. ஒரு காலத்தில் மிச்சிகனை மண்ணைக் கவ்வ வைத்த மைதானம் இது.

பல்கலைக்கழகத்தின் தலைவர் அப்போது ராபர்ட் மேனார்டு ஹட்சின்ஸ். 30 வயதில் அந்தப் பதவிக்கு வந்தவர். கல்லூரிக் கால்பந்து வியாபாரமாகிவிட்டது, டிக்கெட் வசூலுக்காகப் படிப்பைப் பலி கொடுக்கிறோம் என்று 1938-இலேயே ஒரு பிரபல வார இதழில் காரசாரமாக எழுதியிருந்தார். 1939 டிசம்பரில் அணியையே கலைத்துவிட்டார். முன்னாள் மாணவர்கள் கொதித்தார்கள். பணக்கார நன்கொடையாளர்களின் முகச்சுளிப்பைச் சம்பாதித்துக்கொண்டு, ஊரே கொண்டாடும் ஒன்றைப் படிப்புக்காக நிறுத்துவது சாதாரண நெஞ்சுரம் அல்ல. எந்த நாட்டில் எந்தக் கல்லூரித் தலைவர் செய்தாலும் நான் எழுந்து நின்று கை தட்டுவேன்.

● அணி போனதும் கேலரி காலியானது. காலியாகக் கிடந்ததால்தான் அடுத்த கதையே நடந்தது.

● இரண்டாம் உலகப் போர். ஜெர்மனி அணுகுண்டு செய்துவிடுமோ என்ற அச்சம். இயற்பியலாளர் ஆர்தர் காம்ப்டன் தலைமையில் சிகாகோவில் ஒரு ரகசிய ஆய்வகம் அமைந்தது. வெளியாருக்கு அது ‘உலோகவியல் ஆய்வகம்’. உள்ளே அணுவைப் பிளக்கும் வேலை. யுரேனியம் அணு ஒன்று பிளந்து, அதிலிருந்து தெறிக்கும் நியூட்ரான் அடுத்த அணுவைப் பிளந்து, அது அடுத்ததை... இப்படித் தொடர்வினை தானாகவே ஓடுமா என்று செய்து பார்க்க வேண்டும். பொறுப்பு என்ரிக்கோ ஃபெர்மியிடம். மனைவி லாரா யூதர் என்பதால் முசோலினியின் இத்தாலியை விட்டு, 1938-இல் நோபல் பரிசு வாங்கப் போன கையோடு குடும்பமாக அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தவர்.

● அணு உலையை நகரத்துக்கு வெளியே ஆர்கான் காட்டில் கட்டுவதாகத்தான் திட்டம். அங்கே கட்டடத் தொழிலாளர் பிரச்சினையால் வேலை இழுத்துக்கொண்டே போனது. அப்போது ஃபெர்மி சொன்ன யோசனைதான், வளாகத்திலேயே கட்டிவிடலாம் என்பது. ஸ்டாக் ஃபீல்டின் மேற்குக் கேலரிக்கு அடியில், சுவரில் பந்தடித்து ஆடும் மட்டைப்பந்துக் கூடம் ஒன்று சும்மா கிடந்தது. நீளம் 60 அடி, அகலம் 30 அடி, உயரம் 26 அடி. அளவு பொருந்தியது.

இதில் ஒரு விஷயத்தை நான் எளிதில் விட மாட்டேன். சிகாகோ அப்போதே பல லட்சம் மக்கள் வாழ்ந்த பெருநகரம். அதன் நடுவில் உலகின் முதல் அணு உலை. அனுமதி கொடுத்தது காம்ப்டன் மட்டுமே. ஹட்சின்ஸிடம் அவர் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் மறுப்பார், சட்டம் படித்தவருக்கு அணு அபாயத்தை எடைபோடத் தெரியாது என்பது காம்ப்டனின் நியாயம். ஃபெர்மியின் கணக்கு பிசகாது என்ற நம்பிக்கை பலித்தது. பலித்தது என்பதற்காக, சுற்றுவட்டாரத்தில் குடியிருந்தவர்களைக் கேட்காமல் செய்தது சரியாகிவிடாது. போர்க்கால அவசரம் என்று எத்தனை முறை சொன்னாலும் என் மனம் ஒப்பவில்லை.

● வேலை 1942 நவம்பர் 16-இல் தொடங்கியது. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். பகலுக்கு வால்டர் ஸின், இரவுக்கு ஹெர்பர்ட் ஆண்டர்சன். கிராஃபைட் செங்கல்களை வரிசை வரிசையாக அடுக்கினார்கள். ஒவ்வொன்றும் சுமார் எட்டரை கிலோ. மொத்தம் சுமார் 45 ஆயிரம். வேகமாகத் தெறிக்கும் நியூட்ரானை நிதானப்படுத்த கிராஃபைட். அவற்றில் துளை போட்டு உள்ளே யுரேனியம். இயற்பியலாளர்களோடு சேர்ந்து சுமந்தவர்கள், படிப்பைப் பாதியில் விட்டு ராணுவ அழைப்புக்குக் காத்திருந்த உள்ளூர் இளைஞர்கள். கிராஃபைட் தூள் சுவர், தரை, முகம் எல்லாவற்றையும் கரியாக்கியது. தரை வழுக்கியது. குளித்துத் துவட்டி அரை மணி நேரம் கழித்தும் தோலின் துளைகளிலிருந்து கரி கசியுமாம். தாங்கள் அடுக்குவது என்னவென்று அந்த இளைஞர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

● உலையைச் சுற்றிப் போர்த்தக் கனசதுர வடிவில் ஒரு ராட்சத ரப்பர் துணி பலூன் வேண்டும் என்று குட்இயர் நிறுவனத்திடம் ஆர்டர் போனது. எதற்கு என்று மட்டும் சொல்லப்படவில்லை. பலூன் வந்தது; கடைசியில் அதை மூடவேண்டிய தேவையே வரவில்லை.

● உலையைக் காத்த காவலர்கள் ரக்கூன் என்ற விலங்கின் தோலால் ஆன கோட்டு போட்டிருந்தார்கள். ஏன்? கேலரிக்கு அடியில் ஹீட்டர் கிடையாது. சிகாகோவின் குளிரோ எலும்பைத் துளைக்கும். முதலில் எண்ணெய்ப் பீப்பாயில் கரி மூட்டிப் பார்த்தார்கள். புகை தாங்க முடியவில்லை. பிறகு வீட்டு அலங்காரத்துக்கு வைக்கும் போலி விறகுக் கணப்பைக் கேஸ் குழாயில் மாட்டினார்கள். அதன் வாயுவில் கண் எரிந்தது. வேலை செய்தவர்கள் செங்கல் சுமந்தே உடம்பைச் சூடாக வைத்துக்கொண்டார்கள். நின்ற இடத்தில் நிற்கும் காவலர்கள் என்ன செய்வார்கள்? பழைய கால்பந்து நாட்களில் மாணவர்கள் ஆட்டம் பார்க்கப் போட்டு வந்த ரக்கூன் தோல் கோட்டுகளைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். நாட்டின் மிகப் பெரிய ரகசியத்தைக் காத்தவர்கள், மேட்ச் பார்க்க வந்தவர்கள் போல உடுத்தி நின்றார்கள்.

● கட்டுப்பாட்டுக் கம்பி என்றால் ஏதோ நுட்பமான எந்திரம் என்று நினைக்க வேண்டாம். நியூட்ரானை விழுங்கும் காட்மியம் தகட்டை மரப்பட்டையில் ஆணியடித்துச் செருகியிருந்தார்கள். வெளியே இழுத்தால் வினை கூடும், உள்ளே தள்ளினால் அடங்கும். டிசம்பர் 1 இரவு, 57-ஆவது அடுக்கு முடிந்ததும், இது போதும் என்று ஆண்டர்சனுக்குத் தெரிந்துவிட்டது. பட்டையை உருவினால் உலகின் முதல் தொடர்வினை அவர் கையால் நடந்திருக்கும். ஆனால் காத்திருப்பதாக ஃபெர்மிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஆசையை அடக்கி, பட்டைகளைச் செருகிப் பூட்டிவிட்டுப் போனார்.

● 1942 டிசம்பர் 2. கூடத்தின் ஒரு முனையில், முன்பு ஆட்டம் பார்ப்பவர்களுக்காக அமைத்த பால்கனி. ஃபெர்மியும் மற்றவர்களும் அதில் நின்றார்கள். கீழே தனியாக ஜார்ஜ் வைல். கடைசிப் பட்டை அவர் கையில். அவசரத்துக்கு என்று இன்னொரு பட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தக் கயிற்றை வெட்டக் கோடரியோடு நார்மன் ஹில்பெரி. அதுவும் தவறினால் உலையின் மேல் காட்மியம் கரைசலை ஊற்ற மூன்று இளைஞர்கள்.

அடி அடியாகப் பட்டையை இழுக்கச் சொன்னார் ஃபெர்மி. ஒவ்வொரு முறையும் ஸ்லைடு ரூலில் கணக்குப் போட்டு, கருவி முள் எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே சொன்னார். முள் அங்கேயே போய் நின்றது. முற்பகல் 11:35-க்குப் படார் என்று ஒரு சத்தம். வரம்பு குறைவாக வைக்கப்பட்டிருந்த தானியங்கிப் பாதுகாப்புப் பட்டை உள்ளே விழுந்திருந்தது. உலகமே மாறப்போகும் தருணத்தில் ஃபெர்மி பசிக்கிறது என்றார். எல்லோரும் சாப்பிடப் போனார்கள்!

பிற்பகல் 3:25. நியூட்ரான் எண்ணும் கருவிகளின் டிக் டிக் ஒன்றோடொன்று கலந்து ஒரே இரைச்சலானது. முள் ஏறிக்கொண்டே போனது, நிற்கவில்லை. ஃபெர்மி ஸ்லைடு ரூலை மூடினார். தொடர்வினை தானாக ஓடிக்கொண்டிருந்தது.

● அன்று அந்த உலை கொடுத்த சக்தி எவ்வளவு? சுமார் அரை வாட். நம் வீட்டுப் படுக்கையறையில் எரிந்த பழைய இழை வகை ஜீரோ வாட் பல்புகூட அதைவிடப் பல மடங்கு தின்னும். உலைக்குக் கதிர்வீச்சுத் தடுப்புச் சுவரும் இல்லை, குளிர்விக்கும் ஏற்பாடும் இல்லை.

● இயற்பியலாளர் யூஜீன் விக்னர் ஒரு பாட்டில் இத்தாலிய கியாண்டி ஒயினை எடுத்து நீட்டினார். காகிதக் கோப்பைகளில் ஊற்றிக் குடித்தார்கள். வாழ்த்துப் பேச்சு எதுவும் கிடையாது. பாட்டிலைச் சுற்றியிருந்த வைக்கோல் உறையில் கையெழுத்துப் போட்டார்கள். அங்கிருந்தவர்களில் ஒரே பெண், 23 வயது லியோனா வுட்ஸ். கூட்டம் கலைந்த பிறகு லியோ ஸிலார்டு ஃபெர்மியின் கையைக் குலுக்கி, மனித குல வரலாற்றில் இது கறுப்பு நாளாக நினைக்கப்படும் என்றார். தொடர்வினை என்ற எண்ணத்தையே முதலில் எண்ணியவர்களில் ஒருவர் அவர்.

● காம்ப்டன் உடனே தொலைபேசியில், அணுத் திட்டத்தின் மேலிடத்தில் இருந்த ஜேம்ஸ் கோனன்டுக்குத் தகவல் சொன்னார். முன்பே பேசி வைத்த சங்கேதம்கூடக் கிடையாது. இத்தாலிய மாலுமி புது உலகில் கரை இறங்கிவிட்டார் என்று அவர் ஆரம்பிக்க, அங்குள்ள மக்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று மறுமுனை கேட்க, நட்பாகத்தான் என்று பதில் போனது.

● அன்றிரவு ஃபெர்மி வீட்டில் விருந்து. வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஃபெர்மியின் கையைப் பிடித்து வாழ்த்துகிறார்கள். எதற்கு என்று லாராவுக்குப் புரியவில்லை. ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் லியோனா வுட்ஸ், அவர் ஒரு ஜப்பானியக் கடற்படைத் தளபதியை மூழ்கடித்துவிட்டார் என்று சொல்லி வைத்தார். கணவர் செய்தது என்னவென்று லாராவுக்குத் தெரிந்தது போர் முடிந்த பிறகுதான்.

● 1943 பிப்ரவரியில் உலையைப் பிரித்தெடுத்து, முதலில் திட்டமிட்ட அதே ஆர்கான் காட்டுக்குக் கொண்டுபோய், தடுப்புச் சுவரோடு மறுபடி கட்டினார்கள். பின்னர் அது அங்கேயே புதைக்கப்பட்டது. ஆய்வகக் கழிவுகளைப் புதைத்த இடத்தில், தோண்ட வேண்டாம் என்று எச்சரிக்கும் கல் இன்றும் நிற்கிறது.

● மேற்குக் கேலரி இடிக்கப்பட்டது 1957-இல். உலை நின்ற இடத்தில் 1967 டிசம்பர் 2 அன்று, சரியாக 25 ஆண்டுகள் கழித்து, ஹென்றி மூர் செய்த வெண்கலச் சிற்பம் திறக்கப்பட்டது. பெயர் ‘அணு ஆற்றல்’. உயரம் 12 அடி. ஒரு பக்கம் மண்டையோடு போலவும், இன்னொரு பக்கம் குண்டு வெடித்த காளான் மேகம் போலவும் தெரியும். கொண்டாட்டச் சின்னமாக மட்டும் அதைச் செய்யாத மூருக்கு நன்றி சொல்ல வேண்டும். இதற்கு முன்மாதிரியாக அவர் செய்த சிறு வடிவத்தின் ஒரு வார்ப்பு எங்கே இருக்கிறது தெரியுமா? ஹிரோஷிமாவில், நகர நவீனக் கலை அருங்காட்சியகத்தில்.

● மைதானத்தின் பெரும்பகுதியில் எழுந்தது ரெகன்ஸ்டைன் நூலகம். 1970-இல் திறக்கப்பட்டது. நமக்குச் சொந்தமான சில பொக்கிஷங்கள் இங்கேதான் இருக்கின்றன. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1937 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 1983-இல் நோபல் பரிசு பெற்ற எஸ். சந்திரசேகரின் கையெழுத்துப் பிரதிகளும் கடிதங்களும் இந்த நூலகத்தின் சிறப்புச் சேகரிப்பில் உள்ளன. அவரும் ஃபெர்மியும் சேர்ந்து, விண்மீன் மண்டலச் சுருள்களில் உள்ள காந்தப் புலங்களைப் பற்றி 1953-இல் ஆய்வுக் கட்டுரை எழுதியவர்கள். குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் கொண்டுபோய் உலகின் முன் வைத்த ஏ.கே. ராமானுஜன் இதே பல்கலைக்கழகத்தில்தான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேராசிரியராக இருந்தார். அவருடைய தாள்களும் அதே சேகரிப்பில். தமிழ் நூல்கள் அடங்கிய பெரிய தெற்காசியப் பிரிவும் உண்டு. ஹட்சின்ஸ் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார். ஆனால் படிப்புதான் முக்கியம் என்று அவர் காலி செய்த இடத்தில் புத்தகங்கள் வந்து உட்கார்ந்ததில் எனக்குப் பெரிய நிறைவு.

● கால்பந்து திரும்பி வந்ததா? வந்தது, ஆனால் எதிர்ப்போடு. 1963-இல் மறுபடி ஆடத் தொடங்கப் பார்த்தபோது, மாணவர்களே மைதானத்தின் நடுவில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். 1969-இல் முறையான அணி மீண்டும் அமைந்தது. இன்று ஆடுவது மூன்றாம் பிரிவில். அந்தப் பிரிவில் விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுக்கக் கூடாது என்பது விதி. புதிய மைதானம் சில தெரு தள்ளி இருக்கிறது. அதற்கும் ஸ்டாக் ஃபீல்டு என்றே பெயர். பழைய மைதானத்தின் வாயிற்கதவு ஒன்றைக் கொண்டுவந்து அங்கே வைத்திருக்கிறார்கள்.

● உறவினர் வீட்டுக்கென்று சிகாகோ போகிறவர்கள் கவனிக்க: மூரின் சிற்பம் எல்லிஸ் அவென்யூவில், 56-ஆவது தெருவுக்கும் 57-ஆவது தெருவுக்கும் இடையில் திறந்தவெளியில் இருக்கிறது. டிக்கெட் கிடையாது. அங்கிருந்து எல்லிஸ் அவென்யூவிலேயே வடக்கே நடந்தால் 55-ஆவது தெருப் பக்கம் பல்கலைக்கழகத்தின் ராட்னர் விளையாட்டு மையம். அத்தை வீட்டுக் கதவுக்கு முட்டாக இருந்த பெர்வாங்கரின் கோப்பை அங்கேதான் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது.